யார் ஆபத்தானவர்? முன்கூட்டியே சொல்ல முயன்ற 150 ஆண்டுக் கதை

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பாலியல் வன்முறை பற்றிய பேச்சு இதில் உண்டு, விவரிப்புகள் இல்லை.)

இந்த வாரம் ஒரு குரல் பதிவிலிருந்து ஆரம்பிக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு அக்கா அனுப்பியது. பெயர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டே பேசியிருக்கிறார். பின்னால் லாரி சத்தம் கேட்கிறது.

அவர் கேட்டது இதுதான்: "தம்பி, எனக்கு ஒம்பது வயசுல பொண்ணு இருக்கா. பக்கத்து லைன் வீட்டுல பன்னெண்டு வடநாட்டுப் பசங்க தங்கியிருக்காங்க. நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா போன வருஷம் நடந்ததுக்கு அப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. இந்த மாதிரி ஆளு யாருன்னு முன்னாடியே கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கா? சைக்காலஜி படிச்சவங்களால சொல்ல முடியாதா?"

போன வருஷம்னு அவர் சொல்வது 2025 ஜூலை 12, சனிக்கிழமை. கும்மிடிப்பூண்டிப் பக்கம், பள்ளி விட்டுத் தனியாக நடந்து வந்த ஒரு சிறுமியை ஒருவன் பின்தொடர்ந்து தூக்கிச் சென்றான். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தச் சில நொடிகளைத் தமிழ்நாடே பார்த்தது. துப்பு கொடுப்பவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் என்று போலீஸ் அறிவித்தது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சூலூர்பேட்டை ரயில் நிலையத்தில் ஒருவர் கைதானார். அசாமைச் சேர்ந்தவர். ஊர்ப் பெயரையும் மற்ற விவரங்களையும் நான் சொல்லப் போறதில்லை. அந்தக் குழந்தை அங்கேதான் வளர வேண்டும்.

நான் அந்த ஏரியாவில் வளர்ந்தவன். அதனால் இந்தக் கேள்வியைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியவில்லை. "யார் ஆபத்தானவர்?" என்ற கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அரசாங்கம், மருத்துவர், கணக்குப் போடுகிறவர் என ஒவ்வொருவரும் ஒரு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பதில்களை வரிசையாகப் பார்ப்போம். அக்காவுக்கான பதிலைக் கடைசியில் சொல்றேன்.

முதல் பதில்: பிறப்பைப் பார்

1876 இல் இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் ஒரு புத்தகம் எழுதினார். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி. தாடை, நெற்றி, காது இவற்றை அளந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் வாதம். அந்தக் காலத்து அறிவுலகத்தில் இது பெரிய அலையாக இருந்தது.

நம்ம சென்னையிலும் அந்த அலை அடித்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டாரே, அவரேதான். மனிதர்களின் தலை, மூக்கு, கை எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்தார். உடல் அளவையைச் சென்னை போலீசாருக்கும் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் இங்கே நடைமுறைக்கு வந்தது மூக்கு அளவு அல்ல, சாதி. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871 இல் முதலில் வட இந்தியாவில் வந்தது. 1911 இல் திருத்தப்பட்ட பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம ஊர்களில் இதற்கு "ரேகைச் சட்டம்"னு பேரு. ஒரு சமூகத்தில் பிறந்த ஆண்கள் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும். ராத்திரி போலீஸ் சொல்லும் இடத்தில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். திருடியவனுக்கு மட்டுமில்லை, ஒரு வெள்ளரிக்காய்கூடத் திருடாதவனுக்கும் இதே விதி.

இதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947 இல் இந்தச் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31 இல். அதற்குள்ளேயே, 1948 இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த சென்னையில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அதாவது, சாதியைப் பார்ப்பதை விட்டு, ஆளின் பழைய குற்றங்களைப் பார்ப்பது என்று மாறியது. இது சின்ன மாற்றம் இல்லை. நாம இன்னைக்குப் பேசப் போற மொத்த விஷயமும் இந்த மாற்றத்தில்தான் நிற்குது.

சட்டம் போனது. அந்த யோசனை போகவில்லை. 2018 மே மாதம் ஞாபகம் இருக்கா? வடநாட்டிலிருந்து குழந்தை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. நம்ம திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில், வீடு வாசல் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதரைக் குழந்தை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். உடலைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவர் எந்தக் குழந்தையையும் பிடிக்கவில்லை.

இதில் நானும் ஒன்றைச் சொல்லணும். அந்தச் செய்தி என் போனுக்கும் வந்தது. "எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க"ன்னு எழுதி எங்க குடும்பக் குரூப்புக்கு நானும் அனுப்பினேன். ரெண்டு மூணு நாள் கழிச்சு பழவேற்காடு செய்தியைப் படிச்சப்போதான் கை நடுங்குச்சு. நான் அனுப்பியதால் அவர் சாகவில்லைதான். ஆனால் நான் போட்டதும் ஒரு ஆபத்து மதிப்பீடுதானே? முகம் தெரியாதவன், மொழி தெரியாதவன், அதனால் ஆபத்தானவன். தர்ஸ்டனாவது கருவி வைத்து அளந்தார். நான் அதுகூடச் செய்யவில்லை.

இரண்டாவது பதில்: டாக்டரைக் கேள்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பொறுப்பு மனநல மருத்துவர்கள் கைக்குப் போனது. அனுபவமுள்ள டாக்டர் ஒருவர் பேசிப் பார்த்தால் ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும் என்ற நம்பிக்கை. இன்னைக்கும் நம்மில் பல பேர் அப்படித்தான் நினைக்கிறோம்.

அந்த நம்பிக்கை தற்செயலாகச் சோதிக்கப்பட்ட கதை ஒன்று இருக்கு. நியூயார்க் மாநிலத்தில் ஜானி பேக்ஸ்ட்ராம் என்ற கைதி. தண்டனைக் காலம் முடிந்த பிறகும், ஆபத்தான மனநோயாளி என்று சொல்லி அவரைச் சிறை மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். 1966 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. அந்த ஒரு தீர்ப்பால், அதே நிலையில் இருந்த 967 பேரைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டி வந்தது. எல்லாரும் பயந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் நான்கு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். மறுபடி பாதுகாப்பு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டி வந்தவர்கள் மிகச் சிலரே. பலருக்கு வயதாகியிருந்தது என்பதும் ஒரு காரணம். ஆனால் "இவர் ஆபத்தானவர்"னு கையெழுத்துப் போட்ட டாக்டர்கள் அந்த வயதைக் கணக்கில் எடுக்கவே இல்லையே!

இதன் இருண்ட முனை டெக்சாஸ் மாநிலத்தில் இருந்தது. அங்கே மரண தண்டனை கொடுக்க, இவர் எதிர்காலத்திலும் வன்முறை செய்வார் என்று ஜூரி நம்ப வேண்டும். ஜேம்ஸ் கிரிக்ஸன் என்ற மனநல மருத்துவர் நீதிமன்றம் நீதிமன்றமாகப் போய் அதைச் சொன்னார். தாமஸ் பேர்ஃபுட் வழக்கில், அந்த ஆளைச் சோதித்துப் பார்க்காமலேயே, நூற்றுக்கு நூறு நிச்சயம் என்ற பொருளில் சாட்சி சொன்னார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது: நீண்ட கால வன்முறை பற்றிய கணிப்புகளில் மூன்றில் இரண்டு தப்பாகிறது, இதை நம்பாதீர்கள் என்று. 1983 இல் நீதிமன்றம் கேட்கவில்லை. 1984 இல் பேர்ஃபுட் தூக்கில்... மன்னிக்கணும், விஷ ஊசியில் கொல்லப்பட்டார். கிரிக்ஸனைச் சங்கம் 1995 இல் வெளியேற்றியது.

இங்கே டாக்டர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. 1954 லேயே பால் மீல் என்ற உளவியலாளர் சுமார் 20 ஆய்வுகளை ஒப்பிட்டு ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லிவிட்டார். நிபுணரின் உள்ளுணர்வும் எளிய புள்ளிவிவரச் சூத்திரமும் போட்டி போட்டால், பெரும்பாலும் சூத்திரம் ஜெயிக்கும் அல்லது சமன் ஆகும். மனுஷ மனசு கண்ணீருக்கு இளகும், முறைப்புக்குப் பயப்படும். சூத்திரத்துக்கு ரெண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது பதில்: மதிப்பெண் போடு

சூத்திரம் என்றால் என்ன? அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1928 இல் எர்னஸ்ட் பர்ஜஸ் என்ற சமூகவியலாளர், பரோலில் விடப்பட்ட 3,000 பேரின் பதிவேடுகளை எடுத்து 21 அம்சங்களைக் குறித்தார். சாதகமான ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டிப் பார்த்து, யார் பரோல் விதியை மீறக்கூடும் என்று பிரித்தார். நம்ம இன்சூரன்ஸ் ஏஜென்ட் பிரீமியம் போடுற மாதிரிதான்.

பாலியல் குற்றங்களுக்கு இது வந்து சேர இன்னும் 70 ஆண்டு ஆனது. 1998 இல் கனடாவைச் சேர்ந்த கார்ல் ஹான்ஸனும் புஸியேரும் 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 23,000 க்கு மேற்பட்ட பாலியல் குற்றவாளிகள். விடுதலையான பிறகு நான்கைந்து ஆண்டுக்குள் மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் 13.4 சதவீதம். "இவனுங்க திருந்தவே மாட்டானுங்க"ன்னு நாம சொல்றோமே, அந்த எண் அப்படிச் சொல்லவில்லை. புகாராகாத குற்றங்கள் இதில் வராது என்பதையும் மறக்கக் கூடாது. உண்மை அளவு இதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

இன்னொரு ஆச்சரியம். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவன், பாதிக்கப்பட்டவர் மேல் இரக்கம் காட்டாதவன், இவன்தான் மறுபடி செய்வான்னு நீதிபதி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாரும் நினைப்போம். தரவு அதைக் காட்டவில்லை. அழுது மன்னிப்பு கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முந்தைய பாலியல் குற்றங்கள், இயல்பு மீறிய பாலியல் நாட்டம், சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போவது, இவைதான் எச்சரிக்கை மணிகள்.

இதிலிருந்து 1999 இல் ஹான்ஸனும் டேவிட் தார்ன்டனும் ஸ்டாடிக்-99 என்ற கருவியைச் செய்தார்கள். பத்தே பத்துக் கேள்விகள். வெளியே வரும்போது என்ன வயது? ஒரு துணையோடு இரண்டு ஆண்டாவது சேர்ந்து வாழ்ந்திருக்கிறாரா? இந்தக் குற்றத்தோடு வேறு வன்முறைத் தண்டனையும் உண்டா? அதற்கு முன்பு உண்டா? பழைய பாலியல் வழக்குகள் எத்தனை? மொத்தம் எத்தனை முறை தண்டனை பெற்றார்? தொடாமல் செய்யும் பாலியல் குற்றங்களுக்குத் தண்டனை உண்டா? பாதிக்கப்பட்டவர்களில் உறவல்லாதவர், முன்பின் தெரியாதவர், ஆண் யாராவது உண்டா? அவ்வளவுதான். கோப்பைப் பார்த்தே போட்டுவிடலாம்; ஆளைப் பார்க்கக்கூட வேண்டாம். உலகில் அதிகம் பயன்படும் பாலியல் குற்ற ஆபத்துக் கருவி இதுதான்.

சரி, இது எவ்வளவு சரியாகச் சொல்லும்? ஒரு கணக்கு போடுவோம். எண்களை எளிமைக்காக வைத்துக்கொள்கிறேன். 1,000 பேர் சிறையிலிருந்து வெளியே வர்றாங்க. 130 பேர் மறுபடி செய்யப் போறாங்க, 870 பேர் செய்யப் போறதில்லை. நம்ம கருவி செய்யப்போகும் 10 பேரில் 7 பேரைப் பிடிக்கும். செய்யாத 10 பேரில் 3 பேரைத் தப்பாகச் சந்தேகிக்கும். இது நிஜக் கருவிகளின் தரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கு. அப்போ, சரியாகப் பிடிபடுபவர் 91. தப்பாகச் சந்தேகிக்கப்படுபவர் 261. தப்பிப் போகிறவர் 39. "ஆபத்தானவர்" முத்திரை விழுந்த 352 பேரில் நான்கில் ஒருவர்தான் நிஜமாகவே செய்வார்.

அப்போ இது பயனில்லையா? இருக்கு. குருட்டாம்போக்கில் பார்த்தால் எட்டில் ஒருவர். கருவியால் பார்த்தால் நான்கில் ஒருவர். போலீஸும் நன்னடத்தை அலுவலரும் யாரைக் கூடுதலாகக் கவனிக்கணும்னு முடிவெடுக்க அது உதவும். ஆனால் ஒருவரை உயிரோடு விடலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க உதவுமா? நீங்களே யோசிங்க.

நான்காவது பதில்: எப்போது, யாருக்கு, எப்படித் தடுப்பது?

மதிப்பெண்ணுக்கு ஒரு குறை உண்டு. பழசு மாறாது. சிறையில் 15 ஆண்டு திருந்தி வாழ்ந்தாலும் பழைய குற்ற எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஆனால் ஆள் மாறுவார். வயது கூடக்கூட ஆபத்து குறைகிறது. வெளியே வந்து குற்றமில்லாமல் இருக்கும் ஒவ்வொரு ஐந்து ஆண்டுக்கும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது என்று ஹான்ஸன் குழு 2014 இல் காட்டியது.

அதனால் 1997 இல் கனடாவில் போயர், ஹார்ட், க்ராப், வெப்ஸ்டர் ஆகிய நால்வர் எஸ்விஆர்-20 என்ற கையேட்டைக் கொண்டுவந்தார்கள். 20 அம்சங்கள். ஆளின் வாழ்க்கை எப்படி, குற்றங்கள் எப்படி, இனி என்ன திட்டம் வைத்திருக்கிறார் என மூன்று பிரிவு. மதிப்பெண்ணைக் கூட்டி முடிவு சொல்லக் கூடாது. ஒவ்வொன்றையும் ஆதாரத்தோடு பார்த்துவிட்டு, உளவியலாளர் ஒரு கதை எழுத வேண்டும்: இவர் மறுபடி செய்தால் அது எந்தச் சூழலில் நடக்கும்? குடித்திருக்கும்போதா? வேலை போனபோதா? குழந்தைகள் உள்ள வீட்டில் தங்கும்போதா? அதைத் தடுக்க யார் என்ன செய்யணும்?

கேள்வியே மாறிவிட்டது, பாருங்க. "இவன் ஆபத்தானவனா?" என்று கேட்பதில்லை. "என்ன நடந்தால் ஆபத்து கூடும், அதை யார் குறைப்பது?" என்று கேட்கிறார்கள். பழவேற்காடு மீனவர் புயல் எச்சரிக்கையை எப்படிக் கேட்பாரோ அப்படி. கடல் கெட்டதா நல்லதான்னு அவர் கேட்க மாட்டார். இன்னைக்குக் காற்று எப்படி, படகை எங்கே கட்டணும்னுதான் கேட்பார்.

இன்னொரு முக்கியமான வழக்கு 2018 இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் வந்தது. ஜெஃப்ரி எவெர்ட் என்ற பூர்வகுடி மேட்டிஸ் கைதி. உங்கள் கருவிகள் எங்கள் மக்களிடம் சோதிக்கப்பட்டவையா என்று கேட்டார். அதை உறுதி செய்யாமலே சிறைத்துறை அந்தக் கருவிகளைப் பயன்படுத்தியது சட்டக் கடமையை மீறியது என்று நீதிமன்றம் சொன்னது.

இந்தக் கேள்வியை நம்ம ஊருக்குத் திருப்பிப் பாருங்க. துணையோடு இரண்டு ஆண்டு வாழ்ந்தாரா என்ற கேள்வி, வீட்டில் பார்த்துக் கல்யாணம் செய்துவைக்கும் ஊரில் என்ன அர்த்தம் தரும்? பதினெட்டு வயதில் ஒடிசாவிலிருந்து ரயிலேறி, சிப்காட்டில் ஒரு அறையில் பன்னிரண்டு பேரோடு படுக்கும் பையனுக்கு அந்தக் கேள்வியில் தானாகவே ஒரு மதிப்பெண் ஏறிவிடும். அவன் செய்த தப்பு என்ன? ஏழையாகப் பிறந்து இடம்பெயர்ந்ததுதான். ரேகைச் சட்டம் சுற்றி வளைத்து மறுபடி வாசலுக்கு வருகிறது.

நம்ம நாட்டில் என்ன இருக்கு?

1980 இல் பச்சன் சிங் வழக்கில் நம்ம உச்ச நீதிமன்றம், மரண தண்டனை கொடுக்கும் முன் இவர் சமூகத்துக்குத் தொடர்ந்து அச்சுறுத்தலாக இருப்பாரா, திருந்த வாய்ப்பில்லையா என்பதை அரசுத் தரப்பு ஆதாரத்தோடு நிரூபிக்கணும் என்றது. அதன் பிறகு நாற்பது ஆண்டு, பெரும்பாலான வழக்குகளில் அந்த ஆதாரம் வரவே இல்லை. குற்றத்தின் கொடூரத்தை வைத்தே ஆளின் எதிர்காலத்தையும் முடிவு செய்தார்கள். 2022 மே மாதம் மத்தியப் பிரதேச மனோஜ் வழக்கில்தான், மனநல, உளவியல் மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை எல்லாம் விசாரணை நீதிமன்றத்துக்கு வரணும்னு தெளிவாக வழி வகுத்தார்கள்.

தமிழ்நாட்டில் 2013 ஜனவரி 1 அன்று, டெல்லி சம்பவத்துக்குப் பிறகு, அப்போதைய முதல்வர் ஜெயலலிதா 13 அம்சத் திட்டம் அறிவித்தார். ரசாயன ஆண்மை நீக்கமும் அதில் பேசப்பட்டது. அதே மாதம் வந்த வர்மா குழு அறிக்கை அதை ஏற்கவில்லை. 2014 இல் குண்டர் சட்டத்தில் பாலியல் குற்றவாளிகள் சேர்க்கப்பட்டார்கள். வழக்கு முடியும் முன்பே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அதுவும் ஒரு ஆபத்து மதிப்பீடுதான். போடுபவர் உளவியலாளர் இல்லை, கலெக்டரும் போலீஸ் கமிஷனரும். 2018 செப்டம்பரில் மத்திய அரசு பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது, 4.4 லட்சம் பதிவுகள். அமெரிக்கா போல ஊரார் பார்க்க முடியாது, விசாரணை அமைப்புகள் மட்டும் பார்க்கலாம்.

இவை எல்லாம் மோதிய வழக்கு ஒன்று சென்னைப் புறநகரில் இருக்கு. 2017 பிப்ரவரியில் ஒரு சிறுமி கொல்லப்பட்டார். பக்கத்துக் குடியிருப்பு இளைஞர் கைதானார். குண்டர் சட்டக் காவலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, ஜாமீனில் வந்தார். டிசம்பரில் அவருடைய அம்மா கொல்லப்பட்டார், அவர்மேல்தான் வழக்கு. "ஏன் வெளியே விட்டீங்க?"ன்னு தமிழ்நாடே கொதித்தது. நானும்தான். 2018 பிப்ரவரியில் மரண தண்டனை. தீர்ப்பும் தண்டனையும் ஒரே நாளில். உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8 அன்று, சாட்சியங்கள் நம்பும்படி இல்லை என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அம்மா கொலை வழக்கிலும் அதே ஆண்டில் விடுதலை.

இதை எப்படி எடுத்துக்கிறது? ஒரு பாடம் மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரியுது. ஆபத்து மதிப்பீடு என்ற வீடு, "இவர் இதைச் செய்தார்" என்ற அடித்தளத்தின் மேல்தான் நிற்கும். கேமராப் பதிவையும் தடயத்தையும் ஒழுங்காகச் சேகரிக்காவிட்டால், குற்றவாளியும் தப்பலாம், நிரபராதியும் தூக்குக்குப் போகலாம். யார் என்றே தெரியாதபோது எத்தனை மதிப்பெண் போட்டு என்ன?

அக்காவுக்கு

அக்கா, இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் பன்னிரண்டு பேரில் யாராவது ஆபத்தானவரா என்று சொல்லும் கருவி உலகத்தில் எங்கேயும் இல்லை. நான் சொன்ன கருவிகள் எல்லாம் ஏற்கெனவே பாலியல் குற்றத்தில் சிக்கியவர்களுக்காகச் செய்தவை. முன்பு குற்றமே இல்லாதவர்மேல் வைத்தால் என்ன ஆகும்? ஒரு லட்சம் ஆண்கள் இருக்கும் ஊரில் 50 பேர் ஆபத்தானவர்னு வச்சுக்குவோம். அதே கருவி அதில் 35 பேரைப் பிடிக்கும். கூடவே ஏறத்தாழ 30,000 நிரபராதிகளையும் பிடிக்கும். அந்த 30,000 பேரில் உங்க தம்பியும் இருப்பார், நானும் இருப்பேன்.

இன்னொன்றும் சொல்லணும், இது கேட்க இனிமையா இருக்காது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், வருஷா வருஷம், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்தான். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர். ஜூலை 12 மாதிரி, முன்பின் தெரியாதவன் செய்வது அரிது. அரிது என்பதால் வலி குறையாது. ஆனால் பன்னிரண்டு வடநாட்டுப் பசங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், நம்ம பிள்ளைக்கு நிஜமாக ஆபத்து வரும் பக்கம் நம்ம முதுகைக் காட்டிக்கொண்டிருப்போம்.

அப்போ என்ன செய்யலாம்? நான்காவது பதிலைத்தான் நாமும் செய்யணும். ஆளைத் தேடாமல் சூழலைப் பார்க்கிறது. சனிக்கிழமை அரை நாள் பள்ளி விடும்போது யார் கூட்டி வருவாங்க? அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கா, விளக்கு எரியுதா? நாலு அம்மாக்கள் முறை வைத்துக் கூட்டி வர முடியுமா? பொண்ணு ஏதாவது சொன்னால் "மாமாவைப் பத்தி அப்படிச் சொல்லாதே"ன்னு அடக்காமல் உட்கார்ந்து கேட்கிறோமா? 1098 என்ற எண் அவளுக்கு மனப்பாடமா? இதெல்லாம் யார் குற்றவாளியா இருந்தாலும் வேலை செய்யும். அசாம்காரனா இருந்தாலும் சரி, அத்தை மகனா இருந்தாலும் சரி.

தண்டனை முடிந்து வெளியே வருபவர்களைக் கவனிப்பது அரசின் வேலை. நம்ம மக்களிடமே சோதித்த கருவி, பயிற்சி பெற்ற உளவியலாளர், சிறையில் சிகிச்சை, மாநிலம் தாண்டிப் பேசும் பதிவேடு, இதையெல்லாம் நாம கேட்டு வாங்கணும். புழல் சிறை 2018 வரைக்கும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அங்கிருந்து வெளியே வருகிறவர் எந்த ஊருக்குப் போறார், அவரை யார் பார்த்துக்கிறாங்கன்னு கேட்க நமக்கு உரிமை இருக்கு.

இந்த எபிசோடைப் பதிவு செய்யும் முன் அக்காவிடம் போனில் பேசினேன். இவ்வளவும் கேட்டுட்டு ஒரு நிமிஷம் பேசாம இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "அந்தப் பசங்கள்ல ஒருத்தன் போன்ல அவன் தங்கச்சி போட்டோ காட்டினான் தம்பி. என் பொண்ணு வயசுதான். அதுவும் அங்க தனியாதான் ஸ்கூலுக்கு நடந்து போகுதாம்."

அவ்வளவுதாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.